கடைப்படி ஏறாத கம்ப்யூட்டர்

“எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் என்னிக்காவது ரிப்பேருக்குன்னு இந்தக் கடைப்படி ஏறிச்சுன்னா, அன்னிக்கு நான் கம்ப்யூட்டர் படிச்சவனே இல்ல. எழுதி வச்சுக்கோங்க!”

கல்வெட்டில் ஏற வேண்டிய இந்தப் பிரகடனம் வெளியானபோது பென்குயினுக்கு வயது பத்தொன்பது. கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பு, இரண்டாம் ஆண்டு. இடம், தெருமுனையில் இருக்கும் பழுதுபார்க்கும் கடை. மூன்று படிகள், படிகளுக்கு மேலே ஒரு கண்ணாடி மேஜை, மேஜைக்குப் பின்னால் மூக்கில் ஒரு மூக்குக்கண்ணாடியும் நெற்றியில் இன்னொன்றுமாகக் கடைக்காரர். படிகளுக்குக் கீழே நடைபாதையில் மூன்று பேர் உட்காரக்கூடிய பெஞ்சு. அதில் நான்கு பேர், ஆளுக்கொரு கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் கூப்பிடுவாரா என்று பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பென்குயின் அன்று போனது ஒரே ஒரு ஸ்க்ரூ வாங்க. வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். ஆனால் நாலு நோயாளிகளைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அவன் மனசு இடம் கொடுக்கவில்லை. பெஞ்சிலிருந்த ஒவ்வொருவரிடமும் என்ன கோளாறு என்று கேட்டான். நால்வருக்கும் ஒரே மருந்தைச் சொன்னான்: லினக்ஸ் போடுங்க. கடைக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கி வருகிறவன், சட்டைப் பொத்தான் போட ஆள் வைத்துக்கொள்கிறவனுக்குச் சமம் என்றும் தெரிவித்தான். அதற்குப் பிறகுதான் மேற்படி பிரகடனம்.

கடைக்காரர் நெற்றிக்கண்ணாடியை மூக்குக்கும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கும் மாற்றிக்கொண்டு அவனைப் பார்த்தார்.

“எழுதி வைக்க நோட்டு இல்ல தம்பி. ஸ்க்ரூவுக்குக் காசு வேணாம், எடுத்துட்டுப் போ.”

இதைத் தனக்குக் கிடைத்த முதல் மரியாதையாகப் பென்குயின் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

பெயர்க்காரணம் சொல்லிவிட வேண்டும். லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை இயக்குகிற, காசு கேட்காத ஒரு அடிப்படை மென்பொருள். அதன் சின்னம் பென்குயின். அந்தப் பறவை இவனுடைய பையில் இருந்தது, தண்ணீர் பாட்டிலில் இருந்தது, வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்தது, அம்மாவின் மாத்திரை டப்பாவிலும் ஒரு நாள் வந்து உட்கார்ந்தது. “இந்த வாத்துப் படத்தைக் கொண்டுவந்து என் டப்பாவுல ஒட்டாதடா” என்று அம்மா கத்தினாள். வகுப்பில் நண்பர்கள் கேலிக்கு வைத்த பெயரை அவன் பட்டம் என்று எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு கேலி செய்வதில் யாருக்கும் ருசி இருக்கவில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் ஒரு வம்ச வரலாறு உண்டு. அப்பா ஒரு அடுக்குமாடி அலுவலகத்தில் இரவுக் காவலாளி. அங்கே ஒரு கம்பெனி காலி செய்துகொண்டு போனபோது குப்பை வண்டிக்காக வெளியே வைத்திருந்ததை, மேலாளரிடம் கேட்டு, சைக்கிள் கேரியரில் கட்டி, வீடுவரை தள்ளிக்கொண்டே வந்தார். வந்த அன்றே அதற்கு வயது ஐந்து, இப்போது ஒன்பது. ஹாலில் ஜன்னலோரம் அதற்கு இடம். அதே ஹாலில்தான் அப்பாவும் பகலில் தூங்குவார். வீட்டில் ஒரே மேஜை விசிறி. அது யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பார்த்தால் வீட்டில் அன்றைக்கு யாருக்கு மதிப்பு என்று தெரிந்துவிடும். கோடை முழுவதும் அது கம்ப்யூட்டர் பக்கமே திரும்பியிருந்தது. அப்பா வியர்வையில் நனைந்த பனியனோடு புரண்டு படுத்து, “அதுக்கு வேர்க்குமாடா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். வேர்க்காது, ஆனால் சூடாகும் என்று பென்குயின் விளக்கினான். அவர் விளக்கத்தின் பாதியில் தூங்கிப்போனார்.

அந்தக் கம்ப்யூட்டரில் உண்மையில் வேலை செய்தது ஒரே ஒருத்தி. அக்கா.

அக்காவுக்கு இருபத்தாறு வயது. கட்டட வரைபடம் போடுவதில் டிப்ளமோ. ஒரு கட்டட இன்ஜினியருக்கு வீட்டிலிருந்தே பிளான் வரைந்து கொடுத்தாள். சமையலறை எந்த மூலையில், மாடிப்படி எந்தப் பக்கம் திரும்பணும், குளியலறைத் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகணும் என்பதையெல்லாம் அக்கா முடிவு செய்வாள். தாளின் கீழே கையெழுத்து எந்த இடத்தில் போடணும் என்பதை இன்ஜினியர் முடிவு செய்வார். கையெழுத்துக்குத்தான் கூலி அதிகம். இருந்தாலும் பென்குயினின் கல்லூரிக் கட்டணத்தில் பாதி மாடிப்படிகளாலும் மீதி கழிவறைகளாலும் கட்டப்பட்டது என்பதை அவன் வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர் மறைக்க முடியாது.

அக்கா முதலில் வேறொரு மென்பொருளில் வரைந்துகொண்டிருந்தாள். பென்குயின் அதை நீக்கி லினக்ஸில் ஓடும் இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். நாலு மாசம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கற்றுக்கொண்டாள். ஐந்தாம் மாசம் அவனுக்கே சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். இணையத்தில் அவள் தன் பிளான்களைச் சேமித்துவைத்திருந்த கணக்கையும் அவன்தான் மூடவைத்தான்.

“கிளவுடுன்னா என்ன தெரியுமாக்கா? அடுத்தவன் கம்ப்யூட்டர். அடுத்தவன் வீட்டுல நம்ம பீரோவ வைப்போமா?”

“அது ரெண்டு வருஷமா பத்திரமாத்தானே இருந்துச்சு.”

“இருந்துச்சு. நாளைக்கு?”

நாளைக்கு என்ற சொல்லுக்கு எதிராக யாரால் வாதாட முடியும்? அக்கா மூடிவிட்டாள்.

இப்போது அக்காவின் ஒரே ஒரு ஆசையைச் சொல்ல வேண்டும். நகராட்சி அலுவலகத்தில் வரைவாளராகப் பதிவு செய்துகொண்டால் சின்ன வீடுகளுக்கு அவளே கையெழுத்துப் போடலாம். பதிவு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் திறக்கும். தன் கையால் வரைந்த முப்பது பிளான்களை அச்சடித்த தாளாக இல்லாமல், வரைந்த ஒரிஜினல் ஃபைலாகவே அனுப்ப வேண்டும். எந்தக் கோட்டை யார் எப்போது போட்டார்கள் என்று அதில்தான் தெரியும். அக்காவிடம் முப்பத்தாறு இருந்தன. மூன்று வருஷ உழைப்பு. அதில் நல்லதாக முப்பதைப் பொறுக்கி, ஒரு ஃபோல்டரில் போட்டு, கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்னாடியே நகராட்சியின் இணையதளத்தைத் திறந்தாள்.

இணையதளம் திறக்கவில்லை. உங்கள் பிரவுசர் பழையது, புதுப்பிக்கவும் என்றது. புதுப்பிக்கப் போனால், உங்கள் லினக்ஸ் பழையது என்றது பிரவுசர். லினக்ஸைப் புதுப்பிக்கப் போனால், உங்கள் நினைவகம் போதாது என்றது லினக்ஸ். அரசாங்க அலுவலகத்தில் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு அனுப்புகிற முறையைக் கம்ப்யூட்டர்களும் கற்றுக்கொண்டுவிட்டன.

“முனைக் கடையில கேட்டா அஞ்சு நிமிஷத்துல ஏத்திக் கொடுத்துடுவார்டா. பென்டிரைவ்ல போட்டு எடுத்துட்டுப் போறேன்” என்றாள் அக்கா.

“எந்தக் கடையில?”

“அதான், ரெண்டு கண்ணாடிக்காரர் கடை.”

பென்குயினின் முகம் போன போக்கைப் பார்த்து அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நான் இந்த வீட்டுல இருக்கும்போது நீ அந்தக் கடையில போய் ஃபைல் ஏத்துவியா? அந்த ஆள் என்னைப் பத்தி என்ன நினைப்பாரு?”

“அவர் உன்னப் பத்தி எதுக்குடா நினைக்கப் போறாரு? அவருக்கு வேற வேலை இல்லையா?” என்றாள் அம்மா.

“பத்து நாள் இருக்குல்ல? மூணே நாள்ல இத புது மெஷினா ஆக்கிக் காட்டறேன். உன் காசு ஒரு பைசா வேணாம்க்கா. ஒரு மாசம் கேன்டீன் பக்கம் போகலன்னா முடிஞ்சுது.”

அக்கா அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். தம்பி தனக்காகப் பட்டினி கிடக்கிறேன் என்கிறான். இதற்கு மேல் கடைக்குப் போகிறேன் என்று எந்த அக்கா சொல்வாள்?

ஆக, படை புறப்பட்டது.

முதல் போர் நினைவகத்துக்காக. செத்துப்போன லேப்டாப் ஒன்றிலிருந்து கழற்றியதை ஒரு சீனியரிடம் பேரம் பேசி வாங்கிவந்தான். வீட்டுக் கம்ப்யூட்டரில் அதற்கான பள்ளம் ஒரு சாண். வாங்கிவந்தது அரைச் சாண்.

“வளருமா?” என்று கேட்டாள் அம்மா.

அதைக் கொடுத்துவிட்டு, மேலே ஒரு மதியச் சாப்பாட்டின் விலையைப் போட்டு இன்னொன்று வாங்கிவந்தான். நீளம் சரி. ஆனால் நடுவில் இருக்கிற வெட்டு ஒரு விரல் நகம் தள்ளியிருந்தது. வேறு தலைமுறையாம். அவன் அமுக்கிப் பார்த்தான். அம்மா, “டேய், வலிக்குதுன்னு கத்துது பாரு, விடுடா” என்றாள். மூன்றாவது பொருந்தியது. பொத்தானை அமுக்கினால் கம்ப்யூட்டர் மூன்று தடவை கத்திவிட்டு வாயை மூடிக்கொண்டது. பென்குயின் அதைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, மறுபடி மாட்டினான். விளக்கு எரிந்தது.

இது உண்மையான வெற்றி. நேர்மையாகச் சொல்லிவிடுவோம். அக்கா கைதட்டினாள், தூங்கிக்கொண்டிருந்த அப்பாகூட ஒரு கண்ணைத் திறந்து “ஆ” என்றார். பென்குயின் பிற்பாடு செய்த எல்லாவற்றுக்கும் இந்தக் கைதட்டல்தான் காரணம் என்று ஒரு கட்சி சொல்கிறது.

இரண்டாவது போர் சூட்டோடு. கம்ப்யூட்டரின் மூளைக்கும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் விசிறிக்கும் நடுவே ஒரு பசை தடவ வேண்டும். பழைய பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. புதுப் பசை ஒரு ட்யூப் இரண்டு சாப்பாடு. இணையத்தில் யாரோ ஒரு மகான், பற்பசையே போதும் என்று எழுதியிருந்தார். ஐந்து நாளைக்குத்தான் தாங்கும் என்றும் அவர் எழுதியிருந்தார். ஆனால் அது அடுத்த பக்கத்தில் இருந்தது. பென்குயின் அடுத்த பக்கம் போகாமல், அந்தச் சனிக்கிழமையே பற்பசையைத் தடவிவிட்டான். மேதைகளுக்கு முதல் பக்கம் போதும்.

மூன்றாவது, முக்கியமான கொள்முதல்: ஃபைல்களைப் பத்திரப்படுத்திவைக்க ஒரு வெளி டிஸ்க். நடைபாதையில், மொபைல் உறைகளுக்கும் மூக்குக்கண்ணாடிகளுக்கும் நடுவே கிடந்தது. தீப்பெட்டி அளவு. மேலே இரண்டு டெராபைட் என்று அச்சிட்டிருந்தது. ஒரு நூலகத்தையே உள்ளே தள்ளலாம். விலை, நாலு சாப்பாடு.

“இவ்வளவு சின்னதா இருக்கு, இவ்வளவு கம்மியா தர்றான்…” என்று அக்கா இழுத்தாள்.

பென்குயின் அதை அவள் உள்ளங்கையில் வைத்தான். “தூக்கிப் பாரு. எவ்வளவு கனம் பாத்தியா? சரக்கு உள்ள இருக்கு.”

கம்ப்யூட்டரில் செருகினான். கம்ப்யூட்டரும் இரண்டு டெராபைட் என்றே சொன்னது. “மெஷினே ஒத்துக்கிச்சு” என்றான். தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை அப்படியே நம்பிவிடுகிற நல்ல குணம் அவனுக்கு எப்போதும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஃபைல்களை ஏற்றினான். முதலில் தன்னுடையவை. பதினொரு வகை லினக்ஸின் நிறுவல் கோப்புகள். தன் கம்ப்யூட்டர் திரை எப்படியெல்லாம் அழகாக இருந்தது என்று நாலு வருஷமாக எடுத்துவைத்த நாலாயிரம் படங்கள். தன் அமைப்புகள், தன் குறிப்புகள். அடுத்து குடும்பப் புகைப்படங்கள். கடைசியாக, அக்காவின் ஃபோல்டர்.

“என்னுது ஏறிடுச்சாடா?”

“எல்லாம் ஏறிடுச்சு. எண்ணிப் பாத்துட்டேன். இங்க எத்தனையோ அங்கயும் அத்தனை.”

எண்ணிக்கை சரிதான். பெயர்கள் சரி, அளவுகள் சரி. ஆனால் உள்ளே இருப்பதும் எழுத்துக்கு எழுத்து அதேதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கட்டளை இருக்கிறது. பென்குயினுக்கு அது தெரியாமல் இல்லை. கல்லூரிச் சங்கத்தில் அதைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பே எடுத்திருக்கிறான். சரிபார்க்காமல் அழிக்கிறவனுக்கு அங்கே அவன் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. கட்டளையைத் தட்டினான். ஏழு மணி நேரம் ஆகும் என்று காட்டியது. ஏழு மணி நேரமா என்று நிறுத்திவிட்டான்.

திங்கட்கிழமை லினக்ஸைப் புதுப்பிக்க ஆரம்பித்தான். அறுபத்தொரு சதவீதத்தில் அது நின்றது. நாலு வருஷமாக அவன் உள்ளே செய்துவைத்திருந்த சொந்தத் திருத்தங்கள் ஒவ்வொன்றும் வழியில் நின்று அனுமதி கேட்டன. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. பென்குயின் அவற்றைத் தலையாட்டியபடி படித்தான்.

“என்னடா சொல்லுது?” என்றாள் அக்கா.

“நல்லதுக்குத்தான் சொல்லுது. இத மேல மேல ஒட்டறதவிட, மொத்தமா துடைச்சுட்டுப் புதுசா போட்டுடலாம்.”

புதிதாகப் போட ஒரு பென்டிரைவ் வேண்டும். வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று, அக்காவுடையது.

“அதுலயும் என் பிளான் ஒரு காப்பி இருக்குடா.”

“அதான் ரெண்டு டெராபைட்ல ஏத்தியாச்சுல்ல? எத்தனை இடத்துலக்கா வைப்ப?”

அக்கா கொடுத்தாள். பென்டிரைவ் துடைக்கப்பட்டு லினக்ஸ் ஆனது. அடுத்தது கம்ப்யூட்டரின் டிஸ்க். சும்மா அழித்திருந்தால் அழித்ததைக் கிளறி எடுக்க ஆயிரம் வழி உண்டு. ஆனால் பென்குயினிடம் அரைகுறை வேலை கிடையாது. ஒவ்வொரு மூலையிலும் பூஜ்யம் எழுதித் துடைக்கிற கட்டளையைக் கொடுத்தான். நாலு மணி நேரம் ஓடியது. சரிபார்க்க ஏழு மணி நேரம் இல்லாதவனுக்கு அழிக்க நாலு மணி நேரம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை புது லினக்ஸ் பளபளவென்று எழுந்தது. முன்பு அப்பா பல் தேய்த்து முடிக்கிற நேரத்தில் எழுந்த கம்ப்யூட்டர், இப்போது அவர் பிரஷ்ஷைத் தேடுகிற நேரத்துக்குள் எழுந்துவிட்டது. நகராட்சி இணையதளம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் திறந்தது. அக்கா தன் பையிலிருந்து காசு எடுத்து அவன் சட்டைப் பையில் திணித்தாள்.

“நாளைக்குக் கேன்டீன்ல சாப்பிடுடா. எலும்பா இருக்க.”

புதன்கிழமை காலை அவள் அந்தத் தீப்பெட்டி டிஸ்க்கைச் செருகினாள். தன் ஃபோல்டரைத் திறந்தாள். முப்பத்தாறு பெயர்களும் வரிசையாக இருந்தன. முதல் பெயரைத் தட்டினாள். கோப்பு சேதமடைந்துள்ளது. இரண்டாவது. கோப்பு சேதமடைந்துள்ளது. அவள் மூன்றாவதோடு நிறுத்தவில்லை. முப்பத்தாறையும், ஒவ்வொன்றாக, ஒவ்வொரு தடவையும் பதில் வரும்வரை காத்திருந்து தட்டினாள். பென்குயின் பின்னால் நின்றுகொண்டிருந்தான். நடுவில் கை தவறி அடுத்த ஃபோல்டரில் பட்டது. திரை முழுக்க ஒரு பென்குயின், நல்ல தெளிவாக, சிரித்துக்கொண்டு வந்து நின்றது.

“இது திறக்குது” என்றாள் அக்கா.

“அது… இந்த டிஸ்க் போலிக்கா. இடம் இருக்குன்னு பொய் சொல்லுது. மொதல்ல போடறத மட்டும் வச்சுக்கும். அப்புறம் போடறதுக்கெல்லாம் பேரை மட்டும் எழுதிக்கிட்டு…”

“என்னுத ஏன் கடைசியா போட்ட?”

பென்குயினிடம் நானூறு பக்கக் கையேடு ஒன்று இருந்தது. அதில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

புதன் முழுக்கவும் வியாழன் பாதியும் அவன் இலவசமாகக் கிடைக்கிற மீட்புக் கருவிகள் அத்தனையையும் ஓட்டினான். ஒவ்வொன்றும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேடி, பெருமையோடு எதையாவது கொண்டுவந்து வைக்கும். எல்லாம் அவனுடைய திரைப் படங்கள்.

வியாழக்கிழமை அக்கா இன்ஜினியர் அலுவலகத்துக்குப் போனாள். இன்ஜினியர் கெட்டவர் இல்லை. நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

“நான் பிரிண்ட் மட்டும்தானேம்மா வாங்கறேன். ஃபைல் எனக்கு எதுக்கு?”

“அந்தப் பிளானெல்லாம் நான் வரைஞ்சதுன்னு ஒரு லெட்டர் கொடுத்தீங்கன்னா, நேர்ல போய்க் கேட்டுப் பாக்கறேன் சார்.”

“கொடுக்கலாம். ஆனா கீழ கையெழுத்து என்னுதும்மா. நீ வரைஞ்சேன்னு நான் எழுதினா, அப்ப நீ என்னய்யா பண்ணேன்னு என்னைக் கேப்பாங்கல்ல?” கொஞ்ச நேரம் பேனாவைத் திருகினார். “உனக்கு எதுக்கும்மா இந்தப் பதிவெல்லாம்? வேலை நான் தர்றேன்ல? இந்தா, சனிக்கிழமைக்குள்ள இந்த ரெண்டு மாடி வீட்ட முடிச்சுக் கொடுத்துடு.”

அக்கா அந்த இரண்டு மாடி வீட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். சாயங்காலம் வரைய உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் எழுந்தது, மூச்சு வாங்கியது, அணைந்தது. மறுபடி எழுந்தது, அணைந்தது. மகான் சொன்ன ஐந்து நாள் முடிந்து ஆறாவது நாள். ஹால் முழுக்கப் பற்பசை வாசனை.

அம்மா எழுந்து வந்தாள். மேஜை விசிறியை அப்பா பக்கம் திருப்பி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குப் பதிவு மூடும். காலையில், யாரும் சொல்லாமலே, பென்குயின் ஒரு பழைய படுக்கைவிரிப்பை விரித்தான். கம்ப்யூட்டரை நடுவில் வைத்து நாலு முனையையும் முடிந்தான். தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். படி இறங்கும்போது எதிர் வீட்டு அம்மா கேட்டாள்.

“என்னப்பா, துவைக்கப் போடவா?”

“ஆமாங்க.”

கடையின் மூன்று படிகளை மூட்டையோடு ஏறினான். கடைக்காரர் ஒரு சீட்டை அவன் பக்கம் தள்ளினார். அதில் மூன்று கட்டங்கள்: பொருள், பழுது, கொண்டுவந்தவர். பழுது என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று பேனாவோடு நின்றான். இரண்டு வருஷத்துக்கு முன் பெஞ்சில் இருந்த நாலு பேருக்கும் ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்திருப்பான். இப்போது, ‘தெரியவில்லை’ என்று எழுதினான்.

தீப்பெட்டியை மேஜையில் வைத்தான். “இதுல முப்பத்தாறு ஃபைல் இருக்கு. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள வேணும்.”

கடைக்காரர் அதைக் கையில் வாங்கி ஒரு தடவை எடை பார்த்தார். பிறகு காதருகே வைத்துக் குலுக்கினார். ஒரு மெல்லிய தகட்டை இடுக்கில் விட்டு நெம்பினார். மூடி திறந்தது. உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு, மொபைலில் போடுவது. அதன் பக்கத்தில், கனத்துக்காக, பசை போட்டு ஒட்டிய இரண்டு இரும்பு நட்டு.

“இந்த மாசத்துல இது ஏழாவது” என்றார்.

“வருமா?”

“எழுதவே இல்லாதது எப்படி தம்பி வரும்? கம்ப்யூட்டரோட டிஸ்க்கையும் காட்டு.”

அதைத் தன் மெஷினில் மாட்டி அரை மணி நேரம் பார்த்தார். இரண்டு கண்ணாடியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முகத்தில் ஒரு மரியாதை வந்தது.

“ஒரு துளிகூட விடலையே. புது லினக்ஸ தள்ளிட்டுப் பாத்தா ஓரம் முடுக்கெல்லாம் பூஜ்யம். நானே இவ்வளவு சுத்தமா துடைக்க மாட்டேன். யாரு பண்ணது?”

பென்குயின் கண்ணாடி மேஜைக்குள் இருந்த ஸ்க்ரூ டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“யாரோ… தெரிஞ்சவங்க.”

“நல்ல வேலைக்காரன்” என்றார் கடைக்காரர். அவருக்கு ஞாபகம் இருந்ததா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்தவர், குனிந்து முகர்ந்தார், நிமிர்ந்து அவனைப் பார்த்தார். “இது சரியாயிடும். ரெண்டு மணி நேரம் ஆகும். கீழ உக்காரு.” ஒரு தகர டோக்கனைக் கொடுத்தார். ஒன்பதாம் எண்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் மொபைல் அடித்தது. அக்கா.

“என்னடா?”

“வராதாம்க்கா.”

பக்கத்தில் பேருந்து ஒன்று நின்று, ஆள் இறக்கி, கிளம்பிப் போனது.

“சரி. கம்ப்யூட்டராவது இன்னிக்குக் கிடைக்குமா? நாளைக்குள்ள அந்த ரெண்டு மாடி வீட்ட முடிக்கணும்.”

“கிடைக்கும்.”

“அம்மா உனக்குச் சோறு எடுத்து வச்சிருக்கா. கேன்டீன்ல சாப்பிட்டுட்டேன்னு பொய் சொல்லாம வா.”

வைத்துவிட்டாள். அவன் டோக்கனை உள்ளங்கையில் புரட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் வயதான ஒருவர், மடியில் லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்தபடி, அவனுடைய பையைப் பார்த்தார். அதில் பென்குயின் இருந்த இடத்தில் சுரண்டிய தடம் மட்டும் இருந்தது. கல்லூரி அடையாள அட்டை பையின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

“தம்பி, இது திறந்ததும் என்னமோ புதுப்பிக்கவான்னு கேக்குது. சரின்னு கொடுக்கலாமா, வேணாமா? நீங்க கம்ப்யூட்டர் படிச்சவங்களா?”

பென்குயின் அடையாள அட்டையைத் திருப்பி, எழுத்துப் பக்கம் உள்ளே போகும்படி வைத்தான்.

“இல்லைங்க” என்றான். “மேல அவரைக் கேளுங்க.”